கிளி கூட்டடிக்கு இறங்கிவிட்டால்

கம்பில் இருக்க வேண்டிய கிளி கூட்டின் அடித்தட்டில் இறங்கி, இறகைப் பொங்கவிட்டு, பகல் பத்து மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், அது அன்றைக்குக் காலையில் பிடித்த வருத்தம் அல்ல. பல நாளாக உள்ளே இருந்தது இன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது. கூட்டமாக வாழும் பறவைகளில் சோர்ந்து தெரிவதைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால் தெம்பு இருக்கும்வரை கிளி தன் வருத்தத்தை மறைக்கும். "நாளைக்குப் பார்ப்பம்" என்று விட இடமில்லை. லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் அளவுப் பறவை ஒரு முழு நாள் தின்னாமல் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து.

திருமலையில், அதாவது திருகோணமலையில், இருப்பவர்களுக்கு இதோடு தூரமும் சேர்கிறது. இங்கே மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய நாளில் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி, நாய் என்று போய்விடும். நாட்டில் உள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில். அதன் போதனா வைத்தியசாலைக்கு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியே 180 கிலோமீட்டருக்கு மேல். கொழும்புக்கு ஏறத்தாழ 260. மூச்சுத் திணறும் கிளியை ஐந்தாறு மணித்தியாலம் வாகனத்தில் வைத்துக் கொண்டுபோவதே ஒரு ஆபத்து. ஆகவே வேலையை மூன்றாகப் பிரித்து யோசிக்க வேண்டும்: வீட்டில் முதல் மணித்தியாலம், உள்ளூரில் கிளியைத் தேற்றக்கூடிய ஒரு வைத்தியர், தேவைப்பட்டால் மட்டும் தூரப் பயணம். இந்த மூன்றுக்கும் உதவும் பொருள் ஒன்றுதான், ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் குசினித் தராசு. மருந்துப் பெட்டியை விட இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

லவ் பேர்ட்ஸ் என்று நாங்கள் சொல்லும் பட்ஜி 30 முதல் 40 கிராம். காக்கட்டீல் 80 முதல் 110. பச்சைக்கிளி, அதாவது ரிங்நெக், 110 முதல் 140. ஆப்பிரிக்கன் கிரே 400 முதல் 500. இதெல்லாம் பொது அளவு. உங்கள் கிளியின் சொந்த எடை என்ன என்பதுதான் முக்கியம். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், வாரத்துக்கு இரண்டு தடவை நிறுத்து ஒரு அட்டையில் எழுதிக் கூட்டிலேயே கட்டிவிடுங்கள். தராசில் ஒரு சின்னக் கம்பைப் பொருத்திப் பூச்சியமாக்கினால் பழகிய கிளி தானாக ஏறும். பழகாததை மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டு நிறுக்கலாம். வழமையான எடையில் பத்தில் ஒன்று குறைந்துவிட்டால், கிளி கத்திக்கொண்டும் விளையாடிக்கொண்டும் இருந்தாலும், வைத்தியரிடம் போகவேண்டிய கட்டம் அது. 100 கிராம் காக்கட்டீல் 90க்கு வந்தது கண்ணுக்குத் தெரியாது, இறகு மூடிவிடும். தராசு இல்லாதவர்கள் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சதை நிறைந்து, எலும்பின் விளிம்பு மட்டும் லேசாகத் தட்டுப்பட்டால் சரி. விளிம்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் வாரக்கணக்காக மெலிந்து வருகிறது.

எச்சத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள். கூட்டடியில் பத்திரிகைத் தாளை விடவும் வெள்ளைக் கடதாசி நல்லது. கிளி எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சை அல்லது மண்ணிறத்தில் புழு மாதிரி மலம், வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற பகுதி, சுற்றிவரத் தெளிந்த நீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்கலாம். தார் மாதிரிக் கறுப்பு என்றால் குடலின் மேற்பகுதியில் இரத்தக்கசிவு இருக்கக்கூடும். தினை அரைபடாமல் முழுசாக வந்தால் இரைப்பையில் கோளாறு. மலமே இல்லாமல் வெள்ளையும் நீரும் மட்டும் விழுந்தால் கிளி தின்னவில்லை. தீனிக் கோப்பையில் குவிந்து கிடக்கும் உமியைப் பார்த்து "தின்னுதுதானே" என்று ஏமாற வேண்டாம்; ஊதிப் பாருங்கள், அடியில் எவ்வளவு விதை மிச்சம் என்று தெரியும். பப்பாசி, பீட்ரூட் கொடுத்த நாளில் நிறம் மாறுவது இயல்பு. அதற்குப் பதற வேண்டியதில்லை.

சும்மா இருக்கும்போதே அலகைத் திறந்து மூச்சு விடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது, நிற்காத இரத்தம், வலிப்பு, எச்சத்துவாரத்தில் எதுவும் பிதுங்கி நிற்பது, பூனையின் பல்லோ நகமோ பட்டது: இவை எதுவும் அன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டியவை. பூனை விஷயத்தில் காயமே தெரியாவிட்டாலும் போக வேண்டும். பூனை வாயில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பக்டீரியா ஊசிமுனை அளவு துளைக்குள் போனாலும் ஓரிரு நாளில் கிளியின் இரத்தம் முழுக்கப் பரவிவிடும்.

முதல் மணித்தியாலத்தில் கிளிக்கு வேண்டியது சூடு, இருட்டு, அமைதி. மருந்து அல்ல. இணையத்தில் பார்க்கும் எல்லாக் குறிப்பும் "சூடு கொடு, 29 முதல் 32 பாகையில் வை" என்று சொல்லும். அது சரிதான். ஆனால் குளிர்நாட்டுக்காரர் எழுதியதை அப்படியே செய்தால் இங்கே கிளியைக் கொன்றுவிடலாம். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மத்தியானத்தில் தகரக் கூரை வீட்டுக்குள் ஏற்கெனவே அந்தச் சூடு இருக்கிறது; அதற்கு மேல் ஒரு மின்குமிழைப் பக்கத்தில் வைத்தால் வெப்பத் தாக்கம்தான் மிச்சம். அந்த மாதங்களில் மின்விசிறிக் காற்று நேரே படாத நிழலான மூலை போதும். கார்த்திகை, மார்கழி மாரிமழை இரவு வேறு. வாடைக்காற்றோடு 23, 24 பாகைக்கு இறங்கும்போது கட்டாயம் சூடு வேண்டும்.

அதற்கு ஒரு காட்போட் பெட்டி எடுத்து, பக்கங்களில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துவாயை விரியுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் கிளி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். போத்தல் முக்கால் மணித்தியாலத்தில் ஆறிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இப்போது வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தருமே தவிர இதற்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய இழைக் குமிழ் கிடைத்தாலும் அந்த வெளிச்சத்தில் கிளி தூங்காது. பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பமானி இருந்தால் ஊகிக்கும் வேலை இல்லை. இல்லாவிட்டால் கிளியே சொல்லும்: இறகு இன்னும் பொங்கியிருந்தால் சூடு போதாது, இறகு உடம்போடு ஒட்டி, செட்டைகள் விலகி, வாய் திறந்திருந்தால் சூடு கூடிவிட்டது. அப்போது போத்தலை எடுத்துவிட்டுக் கால்களைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

கம்பு வேண்டாம், விழுந்துவிடும். தினைக் கதிரும் தட்டையான தண்ணீர்த் தட்டும் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளோ குளுக்கோஸோ கரைத்து வாய்க்குள் ஊற்றாதீர்கள். கிளியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. சோர்ந்த பறவைக்கு ஊற்றுவது பாதி நேரம் நுரையீரலுக்குத்தான் போகும். தூக்க வேண்டி வந்தால் நெஞ்சை அமுக்காதீர்கள். கிளிக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்துதான் மூச்சே போகிறது. துவாயால் போர்த்தி, தலையின் இரு பக்கமும் விரலால் தாங்கி, உடம்பைத் தளர்வாக விட்டுப் பிடியுங்கள்.

இரத்தம் என்றால் கணக்குப் பார்த்துப் பயப்பட வேண்டும். 100 கிராம் கிளியின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 10 மில்லிலீட்டர். நல்ல நிலையில் உள்ள கிளி அதில் 1 மில்லிலீட்டர், அதாவது இருபது துளியளவு போனால் தாங்கும். அதற்கு மேல் அவசரம். நகம் உடைந்திருந்தால் சோளமாவை அப்பி இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். வளரும் இறகு முறிந்து கசிந்தாலும் முதலில் அதையே செய்யுங்கள். பிடுங்குவது வைத்தியர் வேலை.

பெட்டைக் கிளி அடித்தட்டில் காலை அகட்டி நின்று, வாலை ஆட்டி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைபட்டிருக்கலாம். காக்கட்டீலிலும் பட்ஜியிலும் அடிக்கடி வருவது இது. பெரும்பாலும் கல்சியம் குறைந்து தசை சுருங்க முடியாமல் போவதுதான் காரணம். சூட்டோடு பெட்டிக்குள் ஈரத்துணி வைத்து ஈரப்பதனைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்; அங்கே கல்சியம் ஊசி போடுவார்கள். வயிற்றைத் தடவி முட்டையைத் தள்ளப் பார்க்கவே கூடாது. உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துவிடும். இதைத் தவிர்க்கக் கடைக்குப் போகத் தேவையில்லை, நிலாவெளிக் கரையில் கணவாய் ஓடு சும்மா ஒதுங்கிக் கிடக்கும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி உப்புப் போக்கி, வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்துக் கூட்டில் செருகுங்கள்.

கரையோர வீடுகளில் யாரும் யோசிக்காத ஒன்று வலையில் கோர்க்கும் ஈயக் குண்டு. ஈயம் மென்மையானது, கிளிக்கு அதைக் கடித்துச் சப்பப் பிடிக்கும். சிறு துணுக்கு வயிற்றில் தங்கினாலே தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு என்று வரும். மலிவான கல்வனைஸ் வலைக் கூட்டிலிருந்து நாகம் (சிங்க்) என்ற உலோகமும் இதே மாதிரி உடம்பில் ஏறும். எக்ஸ்ரேயில் உலோகத் துணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஈயத்தைக் கட்டி வெளியேற்ற ஊசி மருந்து உண்டு. ஆகவே வலை பொத்தும் இடத்தில் கிளியை அவிழ்த்து விடுபவர்கள் அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராது.

புகையும் அப்படித்தான். ஒட்டாத தாச்சியை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால், 260 பாகைக்கு மேல் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி பக்கத்து அறைக் கிளியைச் சில நிமிடங்களில் கொல்லும். நுளம்புத்திரி, சாம்பிராணி, டெங்குப் புகை அடிக்கும் நாள் எல்லாம் கிளி வீட்டுக்கு வெளியே, காற்று வரும் திசையில் இருக்க வேண்டும்.

பாமசியில் வாங்கிய டெட்ராசைக்கிளின் தூளைத் தண்ணீரில் கலந்து வைப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். வருத்தக்காரக் கிளி தண்ணீரே குடிக்காது. குடித்தாலும் மருந்து போதாது. கூட்டில் கணவாய் ஓடு இருந்தால் கல்சியம் அந்த மருந்தைப் பிடித்து உடம்பில் சேரவிடாது. பிறகு வைத்தியர் எச்சத்தைச் சோதித்தாலும் பக்டீரியா பாதி அடங்கி, நோய் என்னவென்று பிடிபடாமல் போகும். இதைவிட ஆபத்தானது, மூக்கில் செதில் பூச்சி பிடித்த பட்ஜிக்கு மாட்டுப் பூச்சி மருந்தான ஐவர்மெக்டினில் "ஒரு சொட்டு" வைப்பது. வழமையான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 35 கிராம் பட்ஜிக்கு 0.007 மில்லிகிராம் வரும். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீதக் கரைசலில் ஒரு சொட்டிலேயே 0.5 மில்லிகிராம் இருக்கிறது. எழுபது மடங்கு! செதில் பூச்சி தானாகக் கொல்லாத பறவையை மருந்து கொன்றுவிடும்.

வைத்தியரைத் தேர்வதும் இந்தக் கிராம் கணக்கில்தான் தொடங்குகிறது. பறவை மட்டுமே பார்ப்பவர் திருமலையில் உண்டா என்று தேடி அலைவதை விட, இருப்பவர்களில் கிளியை எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பது பயன் தரும். கிளி நன்றாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். நகம் வெட்ட, எச்சம் சோதிக்க என்று ஒரு காரணம் போதும். நல்லவர் கிளியை உடனே பிடிக்கமாட்டார். கூட்டுக்கு வெளியே நின்று மூச்சையும் நிற்கும் விதத்தையும் பார்ப்பார், கூட்டடிக் கடதாசியைக் கேட்பார், பிறகு நிறுப்பார். நிறுக்காமல் மருந்து எழுதுபவரிடம் "டொக்டர், எத்தனை கிராமுக்குக் கணக்குப் போட்டீங்க?" என்று மரியாதையாகக் கேட்கலாம். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். மூச்சுத் திணறும் கிளியை வந்தவுடனே கவிழ்த்துப் பிடித்து ஊசி குத்துவதும் தப்பு. முதலில் சூட்டிலும் ஒட்சிசனிலும் வைத்துத் தேற்றிய பிறகே தொட வேண்டும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை சில. கிழமைக்கு எத்தனை பறவை வருகிறது? எச்சத்தை அங்கேயே நுணுக்குக்காட்டியில் பார்ப்பீர்களா? தீனிப்பைக்குள் குழாய் விட்டு உணவு கொடுக்க வசதி உண்டா? மயக்க வேண்டி வந்தால் எது கொடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு "ஐசோஃப்ளூரேன் வாயு" என்ற பதில் வந்தால் பறவையில் வேலை செய்து பழகியவர். ஊசி மயக்கம் மட்டும்தான் என்றால் முதலுதவிக்கு அவரிடம் போகலாம், சத்திரசிகிச்சைக்கு வேண்டாம். மாடு கோழி பார்ப்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "இந்தப் பென்சிலினில புரொக்கெயின் இருக்கா?" மாட்டுக்குச் சாதாரணமான அந்தக் கலவை சின்னப் பறவைக்கு நஞ்சு. டெக்சா போன்ற ஸ்டீரொய்ட் ஊசியும் கிளியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து நுரையீரலில் பங்கசு வளர இடம் கொடுக்கும்.

அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கோழியில் கைபழகியவருக்குப் பறவை உடம்பு புதிதல்ல. "கிளி எனக்குப் பெரிதாகப் பழக்கமில்லை, பேராதனையில் தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி உண்மையிலேயே போன் எடுப்பவர், எல்லாம் தெரியும் என்பவரை விடப் பத்து மடங்கு மேல். தூரத்து வைத்தியரின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். கிளியின் எடை, மூச்சு விடும் ஒரு நிமிட வீடியோ, எச்சத்தின் படம் மூன்றும் அனுப்பினால் உள்ளூர்க்காரருக்கு அவர் வழி சொல்ல முடியும். பல சமயம் பயணமே தேவைப்படாது.

போக வேண்டித்தான் வந்தால், முதலில் உள்ளூரில் ஒரு நாள் தேற்றிக்கொண்டு போவது பாதுகாப்பு. எக்ஸ்ரே, சத்திரசிகிச்சை, உலோக நஞ்சு போன்றவற்றுக்கே அந்தத் தூரம். பறவை பார்ப்பவர் அன்றைக்கு வருவாரா என்று கேட்ட பிறகு புறப்படுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும்; அதனால் விடியும் நேரம் கிளம்பினால் அந்தக் காட்டுப் பகுதியை வெளிச்சத்தில் கடந்து, வெயில் ஏறுமுன் மாத்தளைப் பக்கம் போய்விடலாம். பெட்டியில் தண்ணீர்த் தட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு வையுங்கள், சிந்தி நனையாது. மலை ஏறும்போது குளிரும். சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கும் போத்தலும் கூடவே இருக்கட்டும். ஏசி காற்றுப் பெட்டிக்கு நேரே விழக் கூடாது.

மருந்து கொடுத்த பிறகு எடையை தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டாம் நாளும் குறைந்தால் வைத்தியருக்குச் சொல்லுங்கள், மருந்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கிளிக் காய்ச்சல் என்று சந்தேகித்து டொக்சிசைக்கிளின் எழுதினால் அது வழமையாக 45 நாள்; கிளி பத்தாம் நாளே கத்தத் தொடங்கினாலும் நிறுத்தக் கூடாது. அது மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், கிளி வளர்ப்பதை மனித வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

கிளி உயிர் தப்பாமல் போய், வீட்டில் வேறு பறவைகளும் இருந்தால், உடம்பைப் புதைக்க அவசரப்படாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் இறகை நனைத்து, பொலித்தீன் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைத்தால் திசு கெட்டுப் பரிசோதனைக்கு உதவாது. ஒரு நாளுக்குள் கொடுத்தால்தான் காரணம் பிடிபடும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு நோய்ப் புலனாய்வு நிலையங்கள் உண்டு. கோழிப்பண்ணைக்காரர்கள் அவற்றைத்தான் நாடுவார்கள். கிட்ட உள்ளது எது, கிளியை எடுப்பார்களா என்பதை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இப்போதே கேட்டு, எடை எழுதும் அட்டையின் பின்பக்கம் அந்த எண்ணையும் குறித்துவிடுங்கள்.